பீடம் சமைப்பது யார்?

உற்சவ மூர்த்தியைச் சேவிக்கச் செல்லும் ஜனங்கள் மூர்த்தியின் அலங்காரத்தைக் கண்டு பரவசமடைகிறார்கள். மூர்த்தியைத் தாங்கும் பீடத்தை எவரும் பார்ப்பதில்லை. தேரோட்டத்திலும் அப்படியே. தேரின் உச்சிக் கலசம் எல்லோருடைய கண்ணிலும் படுகிறது. அச்சு எவருடைய கண்ணிலும் படுவதில்லை. ஆயினும் அச்சு முறிந்தால் தேர் நடுத்தெருவில் நின்றுவிடும் என்பதை அறியாதவர் யார்? நமது தேசத்தில் விஞ்ஞான அபிவிருத்தியைப் பற்றிப் பிரசங்கம் செய்வோரும் எழுதுவோரும் பெரும்பாலும் கலசத்தின் பெருமையையே பேசி வருகிறார்கள். இன்று நாம் அச்சைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். அணுவினும் நுண்ணிய துகள்களை ஆராய்வதற்காக அமைக்கப்படும் பிரம்மாண்டமான உணர்கருவிகளைத் தாங்கி நிற்கும் இரும்புக் கட்டுமானத்தை வகுத்தமைக்கும் தொழிலே நமது விஷயம். அதைக் காஞ்சீபுரம் ஜில்லாவிலுள்ள வல்லம் வடகாலை முன்னிட்டுப் பேசுவதற்குத் தக்க காரணமுண்டு.

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையிலுள்ள பிரதேசம் முப்பது வருஷங்களுக்கு முன் ஏரிப் பாசனத்தையும் வானத்தையும் நம்பிய கிராமங்களைக் கொண்டிருந்தது. இன்று அங்கே சென்று பார்ப்பவருக்கு அது வேறொரு தேசமாகத் தோன்றும். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ம் வருஷத்தில் மோட்டார் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-ல் கார்த் தொழிற்சாலையும், 2012-ல் லாரித் தொழிற்சாலையும் ஏற்பட்டன. வல்லம் வடகாலில் சிப்காட் ஸ்தாபனம் அமைத்த தொழிற்பேட்டையில் 2017-ல் மோட்டார் சைக்கிள் உற்பத்தி ஆரம்பமாயிற்று. 2024 ஆகஸ்டு மாதத்தில், தொழிற்சாலைகளில் வேலை செய்யும் 18,720 பெண்கள் தங்குவதற்கான விடுதி அதே ஊரில் திறக்கப்பட்டது. ஒரு சிறு பட்டணத்தின் ஜனத்தொகை முழுவதும் ஒரே வளாகத்துக்குள் குடியிருக்க முடிகிறதென்றால், அங்கு நடைபெறும் தொழிலின் அளவை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

இது மகிழத்தக்க விஷயமே. தமிழரின் கை எந்த வேலைக்கும் தயங்கியதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. வெல்டிங் செய்வோர், லேத்துப் பிடிப்போர், ஃபிட்டர்கள், கிரேன் ஓட்டுவோர், அச்சுக்கட்டை செய்யும் டூல் ரூம் நிபுணர்கள் ஆகியோர் இந்தப் பிரதேசத்தில் திரண்டிருப்பது போல் இந்தியாவில் வெகு சில இடங்களிலேயே காண முடியும். ஆனால் நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. பட்டறைகளில் டிராயிங் என்று வழங்கும் வரைபடம் எங்கிருந்து வருகிறது? எந்தத் தகடு எவ்வளவு கனமிருக்க வேண்டும், எந்த மூலையில் எத்தனை போல்ட்டுகள் பூட்ட வேண்டும் என்று தீர்மானித்தவர் யார்? பெரும்பாலான பட்டறைகளில் இதற்கு விடை, வாடிக்கைக்காரர் அனுப்பினார் என்பதாகவே இருக்கிறது. அந்த வாடிக்கைக்காரரின் வரைபட அறையோ பல சமயங்களில் கடலுக்கு அப்பால் இருக்கிறது. வரைபடத்தின்படி செய்பவனுக்குக் கூலி கிடைக்கிறது. வரைபடத்தை வரைந்தவனுக்குத் தொழில் கிடைக்கிறது. கூலி இன்று இங்கும் நாளை வேறிடத்துக்கும் போகும். தொழிலோ அறிந்தவனிடமே தங்கும். சுதேசியம் என்ற சொல்லுக்கு இக்காலத்தில் ஏதேனும் அர்த்தமுண்டானால், அது இந்த வித்தியாசத்தை உணர்வதில்தான் இருக்கிறது என்பது நமது திடமான அபிப்பிராயம்.

வரைபடக் கலையை எங்கே கற்பது? பிறர் செய்துவிட்ட பொருளைப் பார்த்துச் செய்வதனால் அதில் ஒரு பகுதியே கைவரும். இதுவரை ஒருவரும் செய்யாத பொருளைச் செய்ய வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்படும்போதுதான் முழு அறிவும் பிறக்கும். துகள்களை உணரும் கருவிகள் அத்தகைய பொருள்கள். ஒன்றைப் போல் மற்றொன்று உலகத்தில் இருப்பதில்லை. ஆகையால் கடையில் வாங்குவதற்கும் இல்லை, காப்பி அடிப்பதற்கும் இல்லை. உதாரணத்துக்காக நாம் அயல்நாடுகளுக்குப் போக வேண்டியதில்லை. நமது தேனி ஜில்லாவில் பொட்டிபுரம் கிராமத்தருகே மலையைக் குடைந்து அமைப்பதென்று உத்தேசிக்கப்பட்ட நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்காக வகுக்கப்பட்ட 'ஐகால்' என்னும் கருவியையே எடுத்துக் கொள்வோம்.

நியூட்ரினோ என்பது மின்சாரமற்றதும், ஏறக்குறைய எடையற்றதுமான ஒரு துகள். அது பூமியின் ஒரு பக்கத்தில் புகுந்து மறுபக்கத்தில் தடையின்றி வெளிவரக் கூடியது. கோடானுகோடியில் ஒன்று மாத்திரம் ஏதேனும் ஓர் அணுவின் கருவில் மோதும். மோதினால் மியுவான் என்ற வேறொரு துகள் பிறந்து ஓடும். அந்த ஓட்டத்தின் சுவட்டைக் கொண்டு, வந்து மோதிய நியூட்ரினோவின் குணத்தை அறிய வேண்டும். அரிதாக நிகழும் மோதலை அடிக்கடி காண வேண்டுமானால் மோதுவதற்குரிய பொருள் மலைபோல் குவிந்திருக்க வேண்டும். ஆகவே ஐகால் கருவிக்கு ஐம்பதினாயிரம் டன் இரும்பு வேண்டுமென்று விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள்.

இவ்விரும்பு மூன்று பகுதிகளாக நிற்க வேண்டும். ஒவ்வொரு பகுதியும் நீளத்திலும் அகலத்திலும் 16 மீட்டர். உயரம் 14½ மீட்டர். ஒவ்வொன்றிலும் 56 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடுகள் 151 அடுக்குகளாகப் படுக்கை வாட்டில் அடுக்கப்படும். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே 40 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய மூன்று விரற்கடை, இடைவெளி. அந்த இடைவெளியில், ஆர்.பி.சி. எனப்படும் கண்ணாடி உணர்தட்டுகள் மேசையின் இழுப்பறை போல் செருகப்படும். இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே 2 மில்லிமீட்டர் அளவில் வாயு அடைபட்டிருக்கும். அதன் வழியே மியுவான் செல்லும்போது ஒரு சிறு மின்துடிப்பு உண்டாகும். இத்தகைய தட்டுகள் மூன்று பகுதிகளுக்குமாகச் சுமார் 29,000 வேண்டும். இரும்பைச் சுற்றித் தாமிரக் கம்பிச் சுருள்களில் மின்சாரம் பாய்ச்சினால் இரும்பு முழுவதும் காந்தமாகும். காந்தத்தினுள் மியுவான் வளைந்து செல்லும். வளைவு இடமா வலமா என்பதைக் கொண்டு அதன் மின்குறியை அறியலாம்.

இப்பொழுது நேயர்கள் ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். வேறு கருவிகளில் பொருள் ஒன்றாகவும் அதைத் தாங்கும் சட்டம் வேறாகவும் இருக்கும். ஐகாலிலோ இரும்பே இலக்கு, இரும்பே காந்தம், இரும்பே தூண், இரும்பே உத்தரம். ஒரே பொருள் நான்கு உத்தியோகம் பார்க்கிறது. ஒன்றின் சௌகரியத்துக்காகச் செய்யும் மாறுதல் மற்றொன்றுக்கு இடையூறாகிறது. அவற்றுள் சமரசம் செய்து வைப்பதே கட்டுமானம் வகுப்போனின் கடமை.

எங்ஙனமெனில், படுக்கையாக வைத்த எந்தத் தகடும் தன் பாரத்தாலேயே நடுவில் தொய்யும். தாங்கு கட்டைகளுக்கு நடுவிலுள்ள தூரத்தை இரு மடங்காக்கினால் தொய்வு இரு மடங்காகாது. பதினாறு மடங்காகும் என்பது பொறியியலின் ஆரம்ப பாடம். தொய்ந்த இரும்பு கண்ணாடித் தட்டின் மேல் உட்கார்ந்தால் கண்ணாடி நொறுங்கும். அல்லது பழுதுபட்ட தட்டை வெளியே இழுக்க முடியாமல் போகும். கட்டைகளை நெருக்கமாக வைத்துவிட்டாலென்ன என்று கேட்கலாம். கட்டை நிற்கும் இடத்தில் உணர்தட்டு நிற்க முடியாது. அந்த இடம் கருவிக்குக் குருடாகிவிடும். பாரம் தாங்குவதற்காகக் கண்ணைக் குத்திக் கொள்வதா? கண்ணுக்காகப் பாரத்தைச் சரிய விடுவதா? இந்தக் கேள்விக்கு மில்லிமீட்டர் கணக்கில் விடை கூற வேண்டும். கட்டையின் உலோகமும் யோசனைக்குரியது. சாதாரண இரும்பில் செய்தால் அது காந்தத்தின் பாதையைக் கெடுக்கும்; ஆகையால் காந்தம் பற்றாத எவர்சில்வர் வகை வேண்டும்.

மேலும் பாருங்கள். ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு தலைமயிரின் கனமளவு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு, பிசகு நேர்ந்து, பிசகுகளெல்லாம் ஒரே பக்கமாகச் சேர்ந்தால், 150 இடைவெளிகளைக் கடந்து உச்சிக்குப் போகும்போது அது 15 மில்லிமீட்டராகி விடும். கீழே நேராயிருந்த அடுக்கு மேலே சாய்ந்து நிற்கும். உஷ்ணம் பத்து டிகிரி கூடினால் 16 மீட்டர் நீளமுள்ள இரும்பு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளும். அந்த நீட்சிக்கு இடம் விட வேண்டும். ஒவ்வொரு பகுதியின் எடையும் பதினேழாயிரம் டன். அதைத் தாங்கும் தரையில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சராசரி 66 டன் பாரம் விழும். ஒரு சிறிய சாப்பாட்டு மேசையின் பரப்பில் பதினைந்து யானைகளை நிறுத்தினது போலாகும் இது. இவ்வளவையும் சுரங்கத்தினுள், கிரேனுக்கு எட்டும் உயரத்துக்குள், பூகம்பத்தை எண்ணி, தகடு தகடாக இறக்கி அடுக்க வேண்டும். பௌதிக சாஸ்திரத்தில் பட்டம் பெற்றவர் மாத்திரம் இதைச் செய்துவிட முடியாது. வெல்டிங் சூட்டில் தகடு எந்தப் பக்கம் முறுக்கிக் கொள்ளும் என்பதை முப்பது வருஷம் பட்டறையில் நின்ற ஃபிட்டர் கையால் தொட்டுச் சொல்லுவார். அவ்விருவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பதே நாம் வற்புறுத்தும் விஷயம்.

பாரம் மிகுந்த கட்டுமானம் ஒரு வகை. பாரமே இருக்கக் கூடாத கட்டுமானம் மற்றொரு வகை. அது இதைவிடக் கடினம். ஜெனீவா நகருக்கருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் சி.எம்.எஸ். என்ற கருவி இருக்கிறது. அதன் மொத்த எடை சுமார் 14,000 டன். அதன் மையத்தில் துகள்கள் மோதும் இடத்தைச் சூழ்ந்திருக்கும் சிலிக்கன் உணர்தகடுகளோ மயிரிழையினும் நுட்பமாகத் தம் இருப்பிடம் மாறாமல் நிற்க வேண்டியவை. அவற்றைத் தாங்கும் சட்டத்தில் ஓர் உலோகத் துண்டு கூடுதலாக இருந்தாலும் வெளிவரும் துகள் அதில் இடறித் திசை மாறிவிடும். ஆகையால் கரிநாரிழையால் செய்த, கையில் எடுத்தால் பஞ்சு போன்ற, ஆனால் வளையாத சட்டங்களை அங்கே பயன்படுத்துகிறார்கள். வெளிப்புறத்திலோ காந்தம் இயங்கும்போது ஆயிரக்கணக்கான டன் பலத்துடன் இரு முனைகளிலுமுள்ள இரும்புச் சக்கரங்கள் உட்புறம் இழுக்கப்பட்டு மில்லிமீட்டர் கணக்கில் வளைகின்றன. வளைவதைத் தடுக்க முடியாது. எவ்வளவு வளையும் என்பதை முன்கூட்டி அறிந்து, லேஸர் ஒளியால் அளந்து, கணக்கில் சேர்த்துக் கொள்கிறார்கள். இக்கருவியைப் பூமிக்கு மேலேயே பகுதி பகுதியாகக் கட்டி, பின்னர் ஆழத்தில் இறக்கினார்கள். 2007 பிப்ரவரி 28-ந் தேதி 1,920 டன் எடையுள்ள அதன் நடுப்பகுதி நூறு மீட்டர் ஆழத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலாக அங்குலம் அங்குலமாக இறக்கப்பட்டது. இதைச் செய்தவர்கள் தேரிழுக்கத் தெரிந்தவர்கள் என்று நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

சி.எம்.எஸ். கருவியின் காந்தப் பகுதியைத் தாங்கும் பாதங்களைச் செய்து கொடுத்தது எந்தத் தேசம் என்பது நமது நேயர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அண்டை நாடாகிய பாகிஸ்தானின் பட்டறைகளில் அவை செய்யப்பட்டன. இதைப் பொறாமையுடன் கூறவில்லை. நம்மோடு ஒரே நாளில் சுதந்திரமடைந்து, நம்மிலும் குறைந்த வசதியுள்ள ஒரு நாடு பீடம் சமைக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக் கொண்டது என்ற உண்மையைச் சொல்லுகிறோம். நமது தேசமும் சும்மா இருக்கவில்லை. அதே செர்ன் ஆய்வுக்கூடத்தின் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள யந்திரத்தில், முப்பது டன்னுக்கு மேற்பட்ட காந்தங்கள் ஒவ்வொன்றும் மூன்று நுட்பமான ஜாக்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு மில்லிமீட்டரில் இருபதிலொரு பங்கு அளவுக்குக் காந்தத்தை நகர்த்தி நிறுத்தவல்ல அந்த ஜாக்கிகள் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவை. அவற்றை வகுத்தவர்கள் இந்தோரிலுள்ள நமது அணுசக்தி இலாகாவின் நிபுணர்கள்; செய்தவை பெங்களூரிலும் இந்தோரிலுமுள்ள பட்டறைகள். 2004-ம் வருஷத்தில் நமது தேசம் செர்னுக்கு நடராஜர் விக்கிரகம் ஒன்றை அன்பளிப்பாக அனுப்பியது. அதன் படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அதே காலத்தில் சென்ற ஏழாயிரம் ஜாக்கிகளின் படம் எத்தனை பத்திரிகைகளில் வந்தது? கலசத்தைப் பார்த்து அச்சை மறக்கும் பழக்கம் பத்திரிகைகளையும் விட்டபாடில்லை.

இத்துறையில் தமிழர்களுக்குப் பழைய பாத்தியதை உண்டு. கோலார் தங்கவயலில் பூமிக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில், பம்பாய் டாடா ஆராய்ச்சி ஸ்தாபனத்தாரும், ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளும் கூடி 1965-ம் வருஷத்தில் ஆகாய மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை உணர்ந்து உலகுக்கு அறிவித்தார்கள். அச்சுரங்கத்தில் இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆற்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து பிழைக்கச் சென்ற தமிழ்த் தொழிலாளிகள். பாறை வெடித்துச் சிதறும் அந்தப் பாதாளத்தில் மேற்கூரை சரியாமல் முட்டுக் கொடுத்தவர்கள் அவர்கள். பின்னர் 140 டன் இரும்புக் கருவி ஒன்றும் அங்கே நிறுவப்பட்டது. 2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. உலகத்துக்கு முதலில் வழிகாட்டிய இடம் தண்ணீரில் மூழ்கியது. உதகமண்டலத்தில் இன்றும் ஒரு கருவி வேலை செய்து வருகிறது. 6 மீட்டர் நீளமுள்ள 3,712 இரும்புக் குழாய்களை அடுக்கி, அவற்றின்மேல் ஏறக்குறைய இரண்டு மீட்டர் கனத்துக்குக் கான்க்ரீட் பாளங்களைத் தலைகீழ்க் கோபுரமாக ஏற்றி, மியுவான் தவிர மற்றவை உள்ளே புகாதபடி செய்திருக்கிறார்கள். 2014 டிசம்பரில் வீசிய ஒரு புயல் மேகத்தினுள் 130 கோடி வோல்ட் மின் அழுத்தம் இருந்ததை அக்கருவி அளந்து காட்டிற்று. நமது மலையில், நமது மேகத்தில் நடந்த சங்கதி இது.

நிற்க. பொட்டிபுரம் என்னவாயிற்று? 2015 ஜனவரியில் மத்திய மந்திரிசபை 1,500 கோடி ரூபாய்ச் செலவில் ஆய்வுக்கூடத்தை அமைக்க இணங்கியது. அவ்வூராரும் சுற்றுப்புற விவசாயிகளும் தங்கள் மலைக்கும் தண்ணீருக்கும் என்ன நேருமோ என்று அஞ்சினார்கள், வழக்குகள் எழுந்தன. 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018-ல் மத்திய சர்க்கார் மீண்டும் அனுமதி தந்தது. 2022-ல் தமிழ்நாடு சர்க்கார் இத்திட்டம் வேண்டாமென்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. இன்றுவரை மலையில் ஆய்வுக்கூடம் எழவில்லை. நாம் இதில் இரு தரப்பாரையும் இகழ மாட்டோம். மேற்குத் தொடர்ச்சி மலை வெறும் கல் அன்று. அது வைகைக்கும் முல்லைப் பெரியாற்றுக்கும் தாய். அதில் வெடி வைக்கப் போகிறோம் என்று சொல்பவர், கேள்வி கேட்கும் கிராமத்தானை அறியாதவன் என்று ஒதுக்குவது ஜனநாயக தர்மமாகாது. அவனுடைய பாஷையில், அவனுடைய ஊரில், கடைசிச் சந்தேகம் தீரும்வரை விடை கூறக் கடமைப்பட்டவர் அவர். மறுபுறத்தில், நியூட்ரினோ ஆய்வை அணுகுண்டோடு சேர்த்துப் பேசிப் பீதியுண்டாக்குவதும் நியாயமாகாது. மலையைக் குடையலாமா கூடாதா என்பது நீதிமன்றமும் ஜனங்களும் தீர்க்க வேண்டிய விவகாரம்.

ஆனால் மலை வேறு, பட்டறை வேறு. மலையைக் குறித்த தாவா தீராததால் பட்டறையில் கற்க வேண்டிய வித்தையையும் கைவிட்டு விடுவது என்ன விவேகம்? மதுரையில் 2018 முதல் ஐகாலின் சிறு மாதிரி ஒன்று இயங்குகிறது. 4 மீட்டர் சதுரத்தில் 11 இரும்பு அடுக்குகள். எடை சுமார் 85 டன். தரைமேல் நின்றபடியே அது ஆகாயத்திலிருந்து வரும் மியுவான்களைப் பதிவு செய்கிறது. எந்த மலையையும் அது தொடவில்லை. எந்த ஊற்றையும் அடைக்கவில்லை. மாதிரியில் கண்ட தொய்வு, பிசகு, காந்தத்தின் இழுப்பு ஆகியவற்றின் கணக்கெல்லாம் பொன்னினும் விலை மதிப்புள்ளவை. அவற்றைச் செய்து கற்ற கைகள் ஓய்வு பெற்றுப் போய்விட்டால், நாளை வழக்கு எப்படித் தீர்ந்தாலும் நாம் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

உலகம் நமக்காகக் காத்திருக்கவில்லை. சீன தேசத்தில் குவாங்டாங் மாகாணத்தில் 700 மீட்டர் ஆழத்தில் ஜூனோ என்ற நியூட்ரினோக் கருவி 2025 ஆகஸ்டு மாதம் வேலை தொடங்கிவிட்டது. 35 மீட்டருக்கு மேற்பட்ட விட்டமுள்ள கண்ணாடி போன்ற அக்ரிலிக் உருண்டையில் 20,000 டன் திரவம் நிரப்பி, அவ்வுருண்டையை 41 மீட்டர் விட்டமுள்ள எவர்சில்வர்க் கூடு ஒன்றில் பிணைத்து நிறுத்தியிருக்கிறார்கள். நியூட்ரினோக்களின் எடை வரிசையை அறிவதே அதன் முக்கிய நோக்கம். நமது ஐகாலும் அந்த நோக்கத்துடன்தான் வகுக்கப்பட்டது. அந்தக் கூட்டையும் உருண்டையையும் கட்டிய பொறியாளரும் தொழிலாளரும் இனி எந்தப் பெரும் கட்டுமானத்துக்கும் அஞ்சமாட்டார்கள். சீனர்கள் அடைந்த லாபங்களில் சாஸ்திர லாபம் பாதி. இந்தத் தைரியம் மறுபாதி.

ஏழை நாட்டுக்கு இதெல்லாம் எதற்கு, சோற்றுக்கு வழி தேடக் கூடாதா என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு நாம் கூறும் விடை இது. திருச்சியில் 1965-ல் கொதிகலன் தொழிற்சாலை ஏற்பட்டது. மின்சார நிலையத்தின் பெரிய கொதிகலன் தரையில் நிற்பதில்லை. சூட்டில் கீழ்நோக்கி நீளுவதற்காக உச்சியிலுள்ள இரும்புச் சட்டத்திலிருந்து தொங்கவிடப்படுகிறது. அவ்வாறு தொங்கவிடக் கற்ற தமிழ்த் தொழிலாளியினால் எத்தனை வீடுகளில் விளக்கெரிகிறது! பெரம்பூரில் 1955-ல் ரெயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கிற்று. பாரமும் அதிர்வும் தாங்கும் சட்டம் அமைக்கும் வித்தையே அதன் உயிர்நாடி. நுட்பமாகத் தாங்கக் கற்றவனுக்கு ஆஸ்பத்திரியில் உடலைப் படமெடுக்கும் யந்திரம், ஆகாய விமானம், காற்றாலை, தூரதர்சினி எல்லாம் ஒரே வித்தையின் கிளைகள். சோற்றுக்கு வழி கைக்கூலியில் மாத்திரம் இல்லை. கணக்கறிந்த கையிலும் இருக்கிறது.

இனி, செய்ய வேண்டியவை யாவை? அணுசக்தி இலாகாவினரும் டாடா ஸ்தாபனத்தாரும் மதுரை மாதிரியின் வரைபடங்களையும், அளவுகளையும், ஒத்து வராமல் போன முயற்சிகளையும் கூட, பாலிடெக்னிக் மாணவனும் பட்டறை முதலாளியும் படிக்கத்தக்க தமிழ் நூலாக வெளியிட வேண்டும். ஜனங்களின் வரிப்பணத்தில் பெற்ற அறிவு ஜனங்களின் பாஷையில் இருப்பதே முறை.

தமிழ்நாடு சர்க்காருக்கு நமது யோசனை இது. பொட்டிபுரம் வேண்டாமென்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதனுடன் ஒரு பொறுப்பும் உண்டு. வல்லம் வடகாலில் சிப்காட்டின் நிலத்திலேயே, பெரும் பாரம் தாங்கும் தரையும், வலிய கிரேனும், லேஸர் அளவைக் கருவிகளும் கொண்ட ஒரு பொதுக்கூடத்தை அமைக்கட்டும். பெரிய கட்டுமானங்களைச் சோதனையாகப் பூட்டிப் பார்த்து, ஏற்றி, இறக்கி, அளந்து கற்பதற்குரிய இடமாக அது இருக்கட்டும். கிண்டியிலுள்ள ஐ.ஐ.டி.யும் அண்ணா சர்வகலாசாலையும் அங்கிருந்து ஒரு மணி நேரப் பிரயாண தூரத்தில் உள்ளன. மதுரை மாதிரியைவிடப் பெரிய அடுத்த மாதிரியை அங்கே, தரைமேலேயே, எந்த மலைக்கும் ஊறு செய்யாமல் எழுப்பலாம். செர்னில் 2017 முதல் இந்தியா இணை அங்கத்தினராக இருக்கிறது; அவ்விடத்திய கருவிகளின் புதுப்பிப்புக்கு வேண்டிய தாங்கு சட்டங்களுக்கு நமது பட்டறைகள் விலைப்புள்ளி கொடுக்க வழியுண்டு. வழியிருந்தும் நடக்காதவனுக்கு யார் என்ன செய்ய முடியும்?

தொழிற்சாலை முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. வருஷந்தோறும் சில தேர்ந்த ஃபிட்டர்களையும் வரைபடக்காரர்களையும் சம்பளத்துடன் அந்தக் கூடத்துக்கு அனுப்புங்கள். திரும்பி வருபவர் பத்து மடங்கு பெறுமானமுள்ளவராக வருவார். அவ்வாறு அனுப்பப்படுவோரில், விடுதியில் தங்கியிருக்கும் அந்தப் பதினெண்ணாயிரம் பெண்களும் சேர வேண்டும். ஊசி முனையளவுள்ள பாகங்களை நாள் முழுவதும் பிசகின்றிப் பொருத்தும் கண்ணும் கையும் அவர்களுடையவை. அந்தக் கண்ணுக்கு வரைபடம் படிக்கவும், அந்தக் கைக்கு வரைபடம் வரையவும் கற்றுக் கொடுத்தால் அவர்கள் எந்தப் பொறியாளருக்கும் குறைந்தவர்களாக மாட்டார்கள். சில வருஷம் உழைத்துவிட்டுக் கண்ணும் முதுகும் நொந்து ஊர் திரும்புவதே அவர்களுடைய தலைவிதியாக இருக்க வேண்டுமா? தேசபக்தரான நமது நேயர்கள் இதைத் தங்கள் கூட்டங்களில் கேட்க வேண்டும். சட்டசபை அங்கத்தினர்களைக் கேட்கச் செய்ய வேண்டும்.

சுதந்திரம் வந்த நாளில் நம் முன்னோர் கொடியேற்றினார்கள். கொடியைத் தாங்கிய கம்பத்தையும், கம்பத்தை நிறுத்திய குழியையும் எவரோ ஒரு தொழிலாளி முந்தின நாள் இரவே சீர்படுத்தி வைத்திருந்தார். தேசத்தின் விஞ்ஞானமும் அவ்வாறே. பெயர் தெரியாத அறிவுள்ள கைகளின் மேல் அது நிற்கிறது. அந்தக் கைகள் வல்லம் வடகாலில் இன்று காலை ஏழு மணி ஷிப்டுக்குப் போயிருக்கின்றன. அவற்றுக்கு நமது சொந்த வரைபடத்தைக் கொடுக்க வேண்டியது நமது கடமை. சர்க்காரும் சாஸ்திரிகளும் முதலாளிகளும் இதில் இனியும் தாமதிப்பது தேசத்துக்கு நஷ்டமென்று நாம் எச்சரிக்கிறோம்.